எட்டு நொடி வைத்தியம்

பப்ஜி விளையாட்டில் மெட்கிட் என்ற மருந்துப் பெட்டியைப் போட 8 நொடி ஆகும். சுவரோரமாக உட்கார்ந்து திரையைத் தொட்டதும் நடுவில் ஒரு வட்டம் சுழல, எண்கள் இறங்கத் தொடங்கும். கையில் துப்பாக்கி இருக்காது. எதிரியின் காலடிச் சத்தம் புல்தரையிலிருந்து மரப்படிக்கு மாறுவது ஹெட்போனில் தெளிவாகக் கேட்கும். படியேறி வருகிறான். இன்னும் 3 நொடி பாக்கி. இப்போது துப்பாக்கியை எடுத்தால் காத்திருந்தது அத்தனையும் வீண், திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். எடுக்காவிட்டால், அவன் கதவைத் திறப்பதற்குள் உயிர்ப்பட்டை நிறைந்துவிட வேண்டும். சுடும்போதும் வராத, சுடப்படும்போதும் வராத ஒரு படபடப்பு இந்தக் காத்திருப்பில் வரும். அந்த 8 நொடிக்காகவே இந்த விளையாட்டை நான் மதிக்கிறேன்.

ஃபர்ஸ்ட் எய்டுக்கு 6 நொடி, ஆனால் உயிரை முக்கால் அளவுக்கு மேல் ஏற்றாது. பேண்டேஜ் 4 நொடியில் பத்துப் பத்தாக ஏற்றும். எனர்ஜி டிரிங்க், பெயின் கில்லர் இரண்டும் குடித்தவுடன் எதையும் தராது. உள்ளே போய் மெல்ல மெல்ல வேலை செய்யும், நன்றாக ஏறியிருந்தால் ஓட்டத்தின் வேகமும் கூடும். என் சித்தி மகனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் இந்தக் கணக்கெல்லாம் மனப்பாடம். "அண்ணே, பேண்டேஜ வச்சு என்ன பண்ணப் போறீங்க, கீழ போட்டுட்டு டிரிங்க்ஸ் எடுங்க" என்பான். "மெட் போடுறேன், கவர் குடுடா", "நாக் ஆயிட்டேன், ரிவைவ் குடு" என்று இரவெல்லாம் அவர்களுக்குள் குரல் போய்வரும். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலை இந்தியாவில் தடைசெய்தார்கள். அடுத்த ஆண்டே பிஜிஎம்ஐ என்ற பெயரில் அது திரும்பி வந்தது. பெயர் மாறியதே தவிர, இந்தப் பேச்சு அப்படியேதான் இருந்தது.

ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் பாதுகாப்பு வட்டம் சுருங்கிச் சுருங்கி ஒன்றுமில்லாமல் போகும்போது, அதற்கு வெளியே நிற்கிற எல்லோருக்கும் உயிர் வடியும். அந்த நேரத்தில் குறிபார்த்துச் சுடத் தெரிந்தவனைவிட, பையில் மருந்து மிச்சம் வைத்திருப்பவன் ஜெயிப்பதுண்டு. ஒரு தோட்டா செலவில்லாமல், புதருக்குள் படுத்துக்கொண்டே மருந்து போட்டு முதலிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். அதைக் கோழைத்தனம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அப்படி ஜெயிப்பவன் ஆட்டம் முழுக்கத் தன் பையில் எதற்கு இடம் கொடுப்பது என்று யோசித்திருக்கிறான்.

ஒரு கேமை எடைபோட வேண்டுமென்றால் நான் அதிலுள்ள மருந்தைப் பார்ப்பேன். அது எவ்வளவு உயிர் தருகிறது என்பது எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. அதற்கு ஈடாக நம்மிடம் எதைக் கேட்கிறது? அங்கேதான் உருவாக்கியவரின் மனசு தெரியும்.

அது காசையே கேட்ட காலமும் உண்டு. 1985-இல் அட்டாரி கேம்ஸ் வெளியிட்ட காண்ட்லெட், ஒரே பெட்டியின் முன்னால் நான்கு பேர் தோளோடு தோள் நின்று ஆடும் ஆர்க்கேட் விளையாட்டு. எட் லாக் என்பவர் உருவாக்கியது. அதில் யாரும் அடிக்காவிட்டாலும் உயிர் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே இருக்கும். சும்மா நின்றாலும் சாவுதான். நாணயம் போட்டால் உயிர் கூடும்; தரையில் கிடக்கும் உணவைத் தின்றால் 100 கூடும். ஆனால் ஒரு தட்டு உணவு ஒருவருக்குத்தான். பாதி பாதி என்ற பேச்சே இல்லை. அவசரத்தில் சுட்டால் சில உணவுகள் அழிந்தும் போகும். யார் சுட்டது என்று பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் ஊரறியச் சொல்லிவிடும். நான்கு நண்பர்களுக்கு நடுவே ஒரு தட்டை வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கும் விளையாட்டு அது. வியாபாரத்துக்காகச் செய்ததுதான், சந்தேகமில்லை. ஆனால் இன்னொருவருக்குப் பசி எவ்வளவு என்று திரையின் ஓரத்தில் உள்ள எண்ணைப் பார்த்துவிட்டு, "நீ எடு" என்று ஒதுங்கி நிற்பதற்கும் அது இடம் கொடுத்தது.

துப்பாக்கி விளையாட்டுகள் வீட்டுக் கணினிக்கு வந்தபோது காசு போய்விட்டது, ஞாபகம் வந்தது. ஐடி சாஃப்ட்வேர் உருவாக்கி 1992-இல் வந்த வுல்ஃபன்ஸ்டைன் 3டி-யில் சாப்பாட்டுத் தட்டு 10, முதலுதவிப் பெட்டி 25, நாய்க்கு வைத்த உணவு 4. உயிர் பத்துக்கோ அதற்குக் கீழோ இறங்கிவிட்டால் தரையில் தேங்கிய ரத்தத்தை நக்கி 1 சேர்த்துக்கொள்ளலாம். பதற வைக்கும் காட்சிதான். ஆனால் அந்த எண்ணிக்கைக்குள் ஒரு கைதியின் நிலைமை முழுதாக இருக்கிறது. சிறை உடைத்துத் தப்புகிறவனுக்கு எது கிடைக்கும், எவ்வளவு இறங்கிப் போனால் எதைத் தின்பான் என்று நான்கே எண்களில் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு வந்த டூமில் மருந்துப் பெட்டிக்கு 25, சிறிய ஊசிப் பெட்டிக்கு 10. உயிர் நூறாக இருந்தால் அவற்றை எடுக்க முடியாது. மேலே நடந்து போனாலும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். அதனால் விளையாடுகிறவர் மனசுக்குள் தானாகவே ஒரு வரைபடம் விரியும். நீலக் கதவைத் தாண்டி வலப்பக்க மூலையில் ஒன்று விட்டுவந்தோம், அடிபட்டால் அங்கே ஓடலாம். திரையின் அடியில் தெரியும் வீரனின் முகம் ரத்தம் வழிய வழியக் கோரமாகிக்கொண்டே வரும்போது அந்த மூலைதான் கண்முன் நிற்கும்.

டூமின் நிரலில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு. உயிர் 25-க்கும் கீழே இருக்கும்போது மருந்துப் பெட்டியை எடுத்தால், இது உனக்கு ரொம்பவே தேவைதான் என்ற பொருளில் ஒரு தனிச் செய்தி காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஆனால் நிரல் முதலில் 25-ஐக் கூட்டிவிட்டு, பிறகுதான் உயிர் 25-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கிறது. கூட்டிய பிறகு எப்படிக் கீழே இருக்கும்? 1993-இல் வந்த விளையாட்டில் அந்தச் செய்தியை யாரும் பார்த்ததே இல்லை. 1997 டிசம்பரில் மூல நிரலைப் பொதுவில் வெளியிட்டபோது படித்துப் பார்த்தவர்களுக்கு அது தெரிந்தது. அத்தனை கொலைகாரப் பிசாசுகளுக்கு நடுவே, அடிபட்டு வருகிறவனுக்கு ஒரு ஆறுதல் வார்த்தை சொல்ல வேண்டும் என்று யாரோ ஒருவர் நினைத்து உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

கேப்காம் 1996-இல் வெளியிட்ட ரெசிடென்ட் ஈவிலுக்கு வந்தால் அவசரமாகக் கடந்துபோக எனக்கு மனம் வராது. காட்டுக்கு நடுவே ஒரு பழைய மாளிகை, பிணங்கள் எழுந்து நடக்கும் கூடங்கள், அவற்றுக்கு நடுவே பூந்தொட்டியில் பச்சை மூலிகை. கிறிஸ் என்ற வீரனின் பையில் 6 இடம், ஜில்லின் பையில் 8 இடம். அதற்குள் துப்பாக்கி, தோட்டா, சாவி, ஆட்டத்தைச் சேமிக்கத் தேவையான தட்டச்சு நாடா எல்லாம் அடங்க வேண்டும். மிச்சம் இருக்கும் ஓர் இடத்தில் மூலிகையா தோட்டாவா? உயிர் எத்தனை என்று எண்ணும் காட்டமாட்டார்கள். இதயத்துடிப்பு வரைகோடு ஒன்று பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் மாறும். அதைப் பார்த்து நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

அந்த மூலிகைகளைக் கலக்கும் முறையில் ஒரு பாட்டி வைத்தியமே இருக்கிறது. பச்சை காயத்தை ஆற்றும், நீலம் விஷத்தை முறிக்கும். சிவப்பு தனியாக எதற்கும் உதவாது. பச்சையோடு சேர்ந்தால் முழு உயிரும் திரும்பும். மூன்று பச்சையைச் சேர்த்து அரைத்தால் ஒரே பொட்டலமாகி ஓர் இடத்தில் அடங்கும். அதனால் சிவப்பு மூலிகை கிடைத்தவுடன் சந்தோஷமும் கவலையும் ஒன்றாக வரும். ஜோடி கிடைக்கும்வரை அது வெறும் சுமை. இதைப் பையில் வைத்திருப்பதற்காக எதை இங்கேயே விட்டுப் போவது என்று பெட்டி திறந்து நிற்கும் அந்த நிமிடம், பிணம் துரத்தும் நிமிடத்தைவிடக் கனமானது. திகில் எழுதுகிறவர்கள் பேயை நம்புகிறார்கள். இந்த விளையாட்டை இயக்கிய ஷின்ஜி மிகாமி பையின் அளவை நம்பினார்.

1998-இல் வந்த மெட்டல் கியர் சாலிட் அலாஸ்காவின் பனியில் நடக்கிறது. அங்கே உயிரேற்றும் உணவுப் பொட்டலம் குளிரில் உறைந்துவிடும். கையில் வைத்துக்கொண்டு உடல் சூட்டால் உருக்கித்தான் தின்ன வேண்டும். இதைப் போன்ற ஒரு சின்ன அக்கறைக்காகவே ஹிதேயோ கோஜிமாவின் விளையாட்டுகளைத் தேடிப் போகிறவர்கள் பலர், நானும் அதில் சேர்த்தி.

பிறகு மருந்தே தேவையில்லை என்ற காலம் வந்தது. 2001-இல் வந்த ஹேலோவில் கவசம் தானாக நிரம்பும், அதற்கு உள்ளே உயிருக்கு மருந்துப் பெட்டியும் உண்டு. 2004-இல் இரண்டாம் ஹேலோ பெட்டியைக் கைவிட்டது. 2005-இல் கால் ஆஃப் டியூட்டி 2 வந்ததும் அதுவே பாணியாகிவிட்டது. திரை சிவந்தால் சுவருக்குப் பின்னால் ஒதுங்கு, மூச்சு வாங்கு, காயம் மறைந்துவிடும். ஆட்டத்தின் வேகம் கெடாமல் இருக்க இது நல்ல வழி என்பதை ஒத்துக்கொள்கிறேன். உயிர் 3-ஓடு மருந்தில்லாத கூடத்தில் மாட்டிக்கொண்டு தவித்தவர்களுக்கு அது விடுதலைதான். ஆனால் போன அறையில் பட்ட அடி இந்த அறையில் இல்லை என்றால், ஒவ்வொரு சண்டையும் தனித்தனித் துண்டாகிவிடுகிறது. வழி நெடுகச் சேர்ந்துவரும் களைப்பு என்று ஒன்று இல்லாமல் போகிறது. எனக்கு அந்தக் களைப்பு வேண்டும்.

அதைத் திருப்பிக் கொண்டுவந்தது டார்க் சோல்ஸ், 2011-இல். ஹிதேதாகா மியாசாகி அதற்குமுன் செய்த டீமன்ஸ் சோல்ஸில் மருந்துப் புல்லைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துக்கொண்டு போகலாம். டார்க் சோல்ஸில் ஒரு குடுவைதான். வழக்கமாக 5 மிடறு. தீ மூட்டிய இடத்தில் உட்கார்ந்தால் திரும்ப நிரம்பும், தீயை வளர்த்தால் இருபது வரை கூட்டலாம். ஆனால் உட்கார்ந்த அந்தக் கணத்தில், கொன்றுவிட்டு வந்த சாதாரண எதிரிகள் அத்தனை பேரும் பழையபடி எழுந்துவிடுவார்கள். நிரப்பிக்கொள்வதா, வென்ற பாதையை அப்படியே வைத்துக்கொள்வதா? குடிக்கும்போது வீரன் நின்றுவிடுவான். அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் எதிரி வாளை ஓங்குவான். மருந்து குடிக்கச் சரியான நேரம் எது என்று கற்றுக்கொள்வதற்குள் எதிரியின் மூச்சுவரை பழகிப்போயிருக்கும்.

மருந்து எடுப்பவன்தான் எளிதில் அடிபடுவான் என்பது பப்ஜி, டார்க் சோல்ஸ் போன்ற விளையாட்டுகளுக்குப் பொதுவான விதி. நிஜப் போரில் அதற்கு நேர்மாறான விதி ஒன்று உண்டு. காயம்பட்டவரையும் அவருக்கு வைத்தியம் செய்பவரையும் தாக்கக் கூடாது என்று 1864-இல் ஜெனீவாவில் ஒப்புக்கொண்டார்கள். வெள்ளை மேல் சிவப்புச் சிலுவை அதற்கு அடையாளமானது. இந்தியாவிலும் 1960 முதல் இதற்குச் சட்டம் இருக்கிறது, அந்தச் சின்னத்தை யாரும் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ள முடியாது. கேம் செய்கிறவர்களோ மருந்துப் பெட்டி என்றாலே அந்தச் சிலுவையை வரைந்து பழகிவிட்டார்கள். பிரிசன் ஆர்க்கிடெக்ட் என்ற விளையாட்டைச் செய்த இன்ட்ரோவெர்ஷன் நிறுவனத்துக்கு பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம் கடிதம் எழுதிய பிறகு, அதில் ஆம்புலன்ஸிலிருந்த சின்னச் சிலுவை பச்சையானது. டூமின் மறுபதிப்புகளில் பெட்டியின் மேல் சிலுவை போய் மாத்திரை வந்தது. இத்தனூண்டு படத்துக்கு இவ்வளவா என்று விளையாட்டுக்காரர்கள் பலர் கோபப்பட்டார்கள். நான் சங்கத்தின் பக்கம். அந்தச் சின்னம் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: சுடாதே. அதைப் பார்த்ததும் 25 புள்ளி என்று ஒரு தலைமுறையின் கண் பழகிவிடக் கூடாது.

மருந்தை அடுத்தவருக்குக் கொடுக்கும் விளையாட்டுகளை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். பிஜிஎம்ஐ-யில் விழுந்துகிடக்கும் தோழனை எழுப்ப 10 நொடி அவன் பக்கத்தில் குனிந்திருக்க வேண்டும், இருவரும் சேர்ந்தே ஆபத்தில். வால்வ் நிறுவனம் 2008-இல் வெளியிட்ட லெஃப்ட் 4 டெட் இன்னும் ஒரு படி மேலே போனது. நான்கு பேர், ஆளுக்கு ஒரு மருந்துப் பெட்டிதான் சுமக்கலாம். தனக்கும் போட்டுக்கொள்ளலாம், அடுத்தவருக்கும் போட்டுவிடலாம். அது தருவது இழந்த உயிரில் 80 சதவீதம். இந்தக் கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். உயிர் 70 இருப்பவருக்குப் போட்டால் 24 கூடும். 20 இருப்பவருக்குப் போட்டால் 64 கூடும். பெட்டி ஒன்றுதான், யாருக்குப் போடுகிறோம் என்பதில்தான் அதன் பெறுமானம். அதிகம் அடிபட்டவரைப் பார் என்று ஒரு வசனம்கூடப் பேசாமல், ஒரு சதவீதக் கணக்கால் அந்த விளையாட்டு சொல்லிவிடுகிறது. இரண்டு முறை விழுந்து எழுந்தவருக்குத் திரை கறுப்பு வெள்ளையாகிவிடும், மூன்றாம் முறை விழுந்தால் எழுப்ப முடியாது. அந்தக் கட்டத்தில் நால்வரில் ஒருவர் தன் ஒரே பெட்டியைத் திறந்துகொண்டு அவரை நோக்கி ஓடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முன்பின் தெரியாதவர்கள், பெயர்கூடத் திரையில் போட்டுக்கொண்ட பொய்ப்பெயர்தான்.

அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் செத்தவரை எழுப்பும் மின்னதிர்ச்சிக் கருவி ஒன்றைச் சேர்த்தார்கள். எழுகிறவருக்கு 50 உயிர் கிடைக்கும். பையில் அதற்கென்று தனி இடம் தரவில்லை. மருந்துப் பெட்டி இருக்கும் அதே இடத்தில்தான் வைக்க வேண்டும். அதைச் சுமப்பவரால் தனக்கென்று பெட்டி வைத்துக்கொள்ள முடியாது, அந்தக் கருவியைத் தனக்குப் பயன்படுத்திக்கொள்ளவும் முடியாது. எங்கள் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் ஒருவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதைத்தான் எடுப்பார்.