வேலை தரும் தளம் யாரிடம் காசு வாங்கும்?

கடைசி செமஸ்டர். வையம்பட்டியில் உட்கார்ந்து நெட்டில் வேலை தேடுகிறேன். பெயர் கேள்விப்படாத ஒரு தளத்தில் பதிந்த மறுநாளே போன்: "தம்பி, செலக்ட் ஆயிட்டீங்க. 1,500 ரூபாய் கட்டுங்க." இன்டர்வியூவே இல்லை! அம்மா சீட்டுப் பணத்தை எடுக்கப் போய்விட்டார். நல்லவேளை, கொஞ்சம் யோசித்தேன்.

1997-ல் வந்த நௌக்ரி டாட் காமில் விளம்பரம் போடவும், நம் பயோடேட்டாக்களைத் தேடிப் பார்க்கவும் கம்பெனிகள் காசு கட்டுகின்றன. 2020-ல் தமிழக அரசு தொடங்கிய தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளத்தில் இரு தரப்புக்குமே இலவசம். சம்பளம் தர வேண்டியவர் நம்மிடம் காசு கேட்டால் அது வேலையே இல்லை. எந்தத் தளத்துக்கும் நான் வைக்கும் முதல் பரீட்சை இதுதான் நண்பர்களே.

அம்மாவின் பணம் பத்திரம். வேலைதான் இன்னும் வரவில்லை!