அகன்ற லென்ஸ் வேண்டுமா?

ஒரு பொருளை வாங்குமுன் நன்மை தீமைகளைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்பர் பெரியோர். எங்கள் புகைப்படக் குழுவுக்கு இவ்வாண்டு அத்தகைய வேளை வந்தது. விழாப் படங்களை விற்றுச் சேர்த்த பணம் கையில் இருந்தது. விடுமுறையில் இடிக்கப்படவிருந்த பழைய மண்டபத்தை ஒரே படத்தில் முழுமையாய்ப் பிடித்து வைக்கும் ஆவல் நெஞ்சில் இருந்தது. அதிஅகலக் கோண லென்ஸ் ஒன்றை வாங்கலாமா?

எங்களிடம் இருப்பது கேனான் காமிராவும் 18–55 மி.மீ. லென்ஸும். பத்து மீட்டர் தள்ளி நின்றால் அதில் ஏறத்தாழ 12 மீட்டர் அகலமே அடங்கும். 2014-இல் வெளிவந்த 10–18 மி.மீ. லென்ஸிலோ, அதே இடத்திலிருந்து 22 மீட்டர் அடங்கும்! எட்டு மில்லிமீட்டர் செய்யும் விந்தையைப் பாருங்கள். எடையும் 240 கிராம்தான்.

இனி மறுபக்கம். காமிராவைச் சற்றே அண்ணாந்து பிடித்தாலும் தூண்கள் உட்புறம் சாய்ந்துவிடும். தொலைவில் உள்ள மேடை பொம்மை மேடைபோல் சிறுத்துவிடும். மங்கிய ஒளியில் ஆடுவோரைப் படமெடுக்க அதன் துளையும் போதாது. கை நடுக்கத்தை அது தாங்கும், ஆடுபவளின் அசைவைத் தாங்காது.

எல்லாவற்றிலும் எங்களை யோசிக்க வைத்தது குழுப்படம். அருகில் நின்று எடுத்தால் ஓரத்தில் நிற்போர் முகம் பக்கவாட்டில் இழுபட்டு அகன்றுவிடும். நம் பள்ளியில் ஓரத்தில் நிற்பவர் யார்? பெரும்பாலும் புதிதாய்ச் சேர்ந்த தங்கையர். அப்படத்தைச் சட்டமிட்டு வீட்டில் மாட்டப்போவது அவர்கள் பெற்றோர் அல்லவா?

"மண்டபம் ஓடிவிடாதே!" என்றாள் ஒரு தோழி. அதுவே வழி காட்டிற்று. அசையாத பொருளைப் பகுதி பகுதியாய் எடுத்துக் கணினியில் இணைக்கலாம். அதற்கு வேண்டியது உறுதியான முக்காலி ஒன்றே. அதையே வாங்கினோம். காமிராவை நெடுக்காக நிறுத்தி, ஒவ்வொரு படமும் அடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு படியுமாறு ஏழு படங்கள் எடுத்தோம். அருகிலிருந்த தூண் ஒன்று இணைப்பில் பிசகிற்று; சற்றுப் பின்னே நகர்ந்து மீண்டும் எடுத்தோம். கூரை முதல் தரை வரை மண்டபம் வந்து அமர்ந்தது.

இன்று மண்டபம் இல்லை, படம் இருக்கிறது. முக்காலி கலைவிழாவுக்கும் அறிவியல் கண்காட்சிக்கும் உழைக்கிறது. எஞ்சிய பணம் அருட்சகோதரியிடம் பத்திரமாய் இருக்கிறது. பின்வரும் தங்கையர் விரும்பினால் அகன்ற லென்ஸை வாங்கட்டும். குழுப்படத்துக்கு மட்டும் நாலடி பின்னே சென்று, பழைய லென்ஸிலேயே எடுக்கட்டும்!