தாயின் ஒத்துழைப்பு

நான் கொத்தனார். கூட்டம் போடுவது, நோட்டீஸ் எழுதுவது, பஞ்சமி நிலம் பற்றி மேடையில் பேசுவது எல்லாம் வேலை முடிந்த பிறகு. திண்டிவனம் பக்கம் எங்க காலனி.

என் மகள் 2017 ஐப்பசியில் பிறந்தாள். பிறந்ததும் அழவில்லை. ஒன்பது மாசமாகியும் தலை நிக்கல. மூளை முடக்குவாதம் என்றார்கள். ஊர்ல சாபம்னாங்க. எங்க தெருவுலயே, கிரகணத்துல வெளியே போயிருப்பான்னு சொன்னாங்க. எதைச் சொன்னாலும் பழி என் பொஞ்சாதி தலையிலதான். குழந்தை பிறக்கும் முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச நாளிலோ மூளைக்குச் சேதம் வந்தால் இப்படி ஆகும். அந்தச் சேதம் மேலே மேலே வளராது. ஆனால் பயிற்சி இல்லாமல் விட்டால் கைகால் இறுகிப் போகும். இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவளுக்கு முதல் மாசமே தெரியும். ஏன்னா போனது அவதான்.

வாரம் ரெண்டு தரம் புள்ளய இடுப்புல தூக்கிக்கிட்டு, ரெண்டு பஸ் மாறி பயிற்சி மையத்துக்குப் போவாள். போன நாள் கூலி போச்சு. ரெண்டு வருசத்துல நான் கூடப் போனது மூணு தரம். மாசம் ஒரு தரம் தெரபி மேடம் ஊருக்கு வருவாங்க. அங்கன்வாடி ஊர்த்தெருவுல இருக்கு. அங்க உக்காந்துகிட்டு, காலனிப் புள்ளய எடுத்துட்டு வரச் சொல்லி ஆளனுப்புவாங்க. காலனிக்குள்ள ஒரு தரமும் வந்ததில்ல.

2020 மார்ச் 25ல் ஊரடங்கு. பஸ் நின்றது, சாரமும் இறங்கியது. இனிமே வீடியோ போன்லதான் பயிற்சி என்று மையத்தில் சொன்னார்கள். வீட்டில் வீடியோ தெரியிற போன் என்னுது ஒண்ணுதான். அதனால் வேப்பமரத்தடியில் நான் போனைப் பிடித்தேன். மேடம் முகம் தெரிந்ததும், "அம்மாவக் கூப்பிடுங்க" என்றார்கள்.

"நான் அப்பா மேடம்."

"சரிங்கப்பா, அம்மா வரட்டும்."

அடுப்பு ஊதிக்கிட்டிருந்தவ திரும்பிக்கூடப் பாக்கல. "நீயே கேளுய்யா. போன் உன்னுதுதான?"

அன்னிக்குத்தான் என் கை முதல் தரம் புள்ள காலைப் பிடித்தது. முழங்கால் மடங்காமல் ஒரு கையால் பிடிக்கணும். இன்னொரு உள்ளங்கையில் குதிகாலை வாங்கி, பாதத்தை மெதுவா மேலே தள்ளி, எண்ணிக்கிட்டு நிக்கணும். நான் செங்கல் அடுக்குற கையால ஒரே தள்ளா தள்ளினேன். புள்ள வீறிட்டா. "இறுக்கத்தோட சண்ட போடாதீங்க, அது விடுற வரைக்கும் காத்திருங்க" என்றார்கள் மேடம். போன்ல முகம் வரும், பேச்சு வரும். கை வராது. கை வீட்டிலிருக்கிறவங்க கைதான்.

பந்து வேணும், நாற்காலி வேணும், கண்ணாடி வேணும்னு மொதல்ல பட்டியல் சொன்னாங்க. பயிற்சியைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னாங்க. டவர் ஊர்த்தெரு முனையில்தான் நல்லா இருக்கும். போய் நின்னேன். "கரோனா நேரத்துல காலனி ஆளுக்கு இங்க இன்னா வேல?"ன்னார் ஒருத்தர். பக்கத்துல அவங்க ஆளுங்க நாலு பேர் முகக்கவசம் இல்லாம சீட்டாடிக்கிட்டிருந்தாங்க. அப்புறம் ஏரிக்கரைக்குப் போய் அனுப்பினேன். அந்தப் படத்தில்தான் மேடம் எங்க ஒத்த ரூமைப் பார்த்தார்கள். பட்டியல் மாறிப்போச்சு. நாற்காலி வேணாம், ரெண்டு சுவர் சேர்ற மூலையில சாய்ச்சு உக்கார வையுங்கன்னாங்க. தொடை ரெண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கும். நடுவுல பழைய புடவையைச் சுருட்டி வச்சோம். படுக்க வச்சு ஊட்டக்கூடாது, மூச்சுக்குழல்ல போயிடும், நிமித்தி உக்கார வச்சுத்தான் ஊட்டணும்னாங்க. அதை என் பொஞ்சாதி ஏற்கெனவே செய்துகொண்டிருந்தாள். நான் சவுக்குக் கம்பு நட்டு, ரசமட்டம் வச்சுப் பாத்து, பிடிச்சு நிக்க ரெண்டு கைப்பிடி கட்டினேன்.

நூறு நாள் வேலை மறுபடி ஆரம்பிச்சதும் அவள் போனாள். நான் வீட்டில். "ஆம்பள புள்ள காலப் பிடிச்சிக்கினு உக்காந்துகினான்"னு தெருவுல சிரிச்சாங்க. எனக்கும் கூச்சம்தான். அப்புறம் கட்டட வேலை வந்தது. சாயங்காலம் உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். நாலு நாள் விட்டேன். அஞ்சாம் நாள் புள்ள குதிகால் கீழே இறங்கல. அவள் இதைத் தனியா ரெண்டு வருசம் பார்த்திருக்கிறாள்.

பஸ் ஓட ஆரம்பித்ததும் நான்தான் புள்ளயத் தூக்கிக்கிட்டு மையத்துக்குப் போனேன். மேசையில் அவளுடைய கோப்பு இருந்தது. பாரத்தில் ஒரு கட்டம்: "தாயின் ஒத்துழைப்பு." அதில் மூணு இடத்தில் "போதாது" என்று எழுதியிருந்தது. தேதியைப் பார்த்தேன். ஒண்ணு நடவு வாரம், ஒண்ணு களையெடுப்பு. மூணாவது அவளுக்குக் காய்ச்சல். அந்த வாரம் நான் மாவட்ட மாநாட்டில் சமத்துவம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அப்பனுக்குப் பாரத்தில் கட்டமே இல்லை. மேடத்தைக் கேட்டேன். "பாரம் அப்படித்தாங்கப்பா அச்சடிச்சு வருது" என்றார்கள்.

தோழர்களே, இந்த ஜனங்களுக்குப் புள்ள மேல அக்கற இல்லன்னு எழுதுற கை பழைய கைதான், அதை எதிர்க்கணும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 24ஆம் பிரிவில், அதிக ஆதரவு தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை என்று இருக்கிறது. வீட்டில் பார்க்கிறவர் நேரமும் உழைப்புதான். அதைக் கேட்டு வாங்கணும். போன் கொடுத்தாச்சு, இனி உன் பாடு என்று யாரும் கைகழுவ விடக்கூடாது. ஆனால் அந்தக் கோப்பில் "போதாது" என்று எழுத வேண்டிய ஆள் நான். அதை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை, இங்கே எழுதுகிறேன்.

என் மகள் நடக்கவில்லை. சுவர்ல சாயாம உக்கார்றா, தானே சோறு எடுத்துச் சாப்பிடறா. கூட்டத்தை இப்ப ஏழு மணிக்கு மேல வையுங்கன்னு சொல்றேன். ஆறிலிருந்து ஏழு வரைக்கும் எனக்கு வீட்டில் வேலை இருக்கிறது.