எட்டு ஓட்டைகள்

கூந்தன்குளத்தில் எடுத்த சங்குவளை நாரையை 8x10 அளவில் பிரிண்ட் போடக் கொடுத்தால், ஒன்று அலகு நுனி போகும். இல்லையென்றால் வாலருகே இருக்கும் அந்த ரோஜா நிற இறகுகள் போகும். லேப்பில் இருக்கும் தம்பியைக் கேட்டால், “அண்ணே, உங்க கேமரா படம் நீளம், பேப்பர் குட்டை. நான் என்ன செய்ய?” என்கிறார். கணக்குச் சரிதான். என் கேமரா தருவது 3:2. எட்டு அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும். தாளில் இருப்பதோ பத்து. மிச்சம் இரண்டும் கத்தரிக்கு.

யார் வைத்தது இந்த 3:2? லென்ஸ் வட்டம், அது விழவைக்கும் பிம்பமும் வட்டம். அதற்குள் இப்படியொரு நீள்சதுரத்தை வெட்டி எடுக்கச் சொன்னது யார்? தங்க விகிதம்தான் காரணம் என்று யூடியூபில் ஒருவர் அடித்துச் சொன்னார். தங்க விகிதம் 1.618, இது 1.5. பிள்ளை பிறந்தபின் எழுதிய ஜாதகம் மாதிரி, யாரோ பின்னால் ஒட்டிய விளக்கம் அது.

விடையின் முதல் நுனி எங்கள் ஊரில்தான் கிடைத்தது. ஸ்டூடியோவை மூடிவிட்டு வீட்டோடு இருக்கும் அண்ணாச்சி ஒருவர். விஷயத்தைச் சொன்னதும் பேச்சே இல்லாமல் பீரோவிலிருந்து இரண்டு ஃபிலிம் துண்டுகளை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். ஒன்று கல்யாண வீட்டு கலர் நெகட்டிவ். மற்றது தியேட்டரில் ஆபரேட்டராக இருந்த அவர் மச்சினன் கொடுத்த சினிமா ஃபிலிம். சின்ன வயதில் கண்ணாடியும் லென்ஸும் வைத்து நாமெல்லாம் சுவரில் படம் காட்டுவோமே, அது. “ஓட்டைய எண்ணுங்க தம்பி.”

எண்ணினேன். இரண்டும் ஒரே அகலம், ஒரே ஓட்டை. சினிமா ஃபிலிம் மேலிருந்து கீழே ஓடுவது. ஒரு படத்துக்கு நான்கு ஓட்டை. கேமரா ஃபிலிம் பக்கவாட்டில் ஓடுவது. ஒரு படத்துக்கு எட்டு. ஸ்கேல் வைத்து அளந்தோம். எட்டு ஓட்டைக்கு 38 மி.மீ. அதில் படம் 36, அடுத்த படத்துக்கான இடைவெளி 2. இரு வரிசை ஓட்டைகளுக்கு நடுவே படத்தின் உயரம் 24. சினிமாவின் பழைய கட்டம் 18x24. இரண்டை ஒட்டிவைத்தால் 24x36. அவ்வளவுதான் 3:2. அழகியலும் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு சினிமாக் கட்டம்.

ஒட்டிவைத்தவர் ஓஸ்கார் பார்னாக். ஜெர்மனியில் வெட்ஸ்லர் நகரத்து லைட்ஸ் கம்பெனியில் 1911-இல் சேர்ந்த மெக்கானிக். மைக்ரோஸ்கோப்புக்குப் பேர்போன கம்பெனி அது. படம் எடுப்பது பார்னாக்குக்கு ஞாயிற்றுக்கிழமைப் பித்து, நமக்கெல்லாம் போல. அதற்கு முன் யேனா நகரில் வேலைபார்த்த காலத்தில் 13x18 செ.மீ. கண்ணாடித் தகடு போடும் பெட்டிக் கேமராவையும், ஆறு இரட்டைத் தகட்டு ஹோல்டர்களையும் தோல்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு துரிஞ்சியக் காட்டு மலைகளில் ஏறுவாராம். மனிதருக்கு ஆஸ்துமா வேறு. அத்தனை சுமந்தும் பன்னிரண்டே படம். ஒன்றரைக் கிலோ லென்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குளத்துக்கரையில் நடந்துவிட்டு மறுநாள் தைலம் தேய்க்கும் நான் அவரைப் பற்றிப் படித்தபோது வாயை மூடிக்கொண்டேன்.

சின்ன நெகட்டிவ், பெரிய பிரிண்ட் என்ற யோசனை மலையேற்றத்தில் மூச்சு வாங்கும்போது வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். சினிமா ஃபிலிமைச் சோதிக்கத்தான் 24x36 கட்டத்தில் படம் எடுக்கும் தன் சின்னக் கேமராவைச் செய்தார் என்றும் ஒரு கதை உண்டு. எனக்கு மூச்சு வாங்கிய கதைதான் நம்பும்படி இருக்கிறது. 24x36 மி.மீ. என்பது அந்தப் பழைய கண்ணாடித் தகட்டில் இருபத்தேழில் ஒரு பங்கு. முதல் மாதிரி 1914 வாக்கில் தயார். நடுவே உலகப் போர். 1925-இல் லைப்சிக் சந்தையில்தான் அந்தக் கேமரா லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. சினிமா ஃபிலிமில் படம் எடுக்கும் கேமராவை அமெரிக்காவில் அவருக்கு முன்பே விற்றிருக்கிறார்கள். ஆனால் ஊர் உலகம் பிடித்துக்கொண்டது லைக்காவின் அளவை. 1934-இல் கோடாக் அதே அளவை டப்பாவில் அடைத்த ரோலாக விற்றபின் பேச்சே இல்லை.

சரி, அந்த 35 மி.மீ. அகலம்? அதற்கும் ஒரு கத்தரி உண்டு. ஈஸ்ட்மனின் பழைய கோடாக் பெட்டிக் கேமராவுக்கான ஃபிலிம் 70 மி.மீ. அகலம். எடிசனிடம் வேலைபார்த்த டிக்சன் 1890-களின் தொடக்கத்தில் அதை நெடுக்குவாக்கில் இரண்டாகக் கிழித்து, ஓரத்தில் ஓட்டை போட்டார். அந்தக் கோடாக்கில் முதலில் விழுந்த படம் வட்டமாக இருந்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி. லென்ஸுக்கு நியாயம் செய்தவர்கள்.

இன்றைய சென்சாருக்கு ஓட்டையும் இல்லை, ஓடவும் வேண்டாம். ஆனாலும் ஃபிலிம் காலத்து லென்ஸும் மவுண்டும் வீணாகாமலிருக்க டிஜிட்டல் எஸ்எல்ஆர்கள் 3:2-ஐயே பிடித்துக்கொண்டன. என்னுடையது சிறிய சென்சார், அதிலும் அதே விகிதம். போன் கேமராவின் 4:3 அந்த ஒற்றைச் சினிமாக் கட்டம், டிவி, கம்ப்யூட்டர் வழியாக வந்து சேர்ந்தது. இது தெரிந்தபின் கட்டத்தை மதிப்பதை விட்டுவிட்டேன். பனை மரத்தை ஒல்லியாக வெட்டுகிறேன், கூட்டில் உட்கார்ந்த நாரையைச் சதுரமாக.

ஒன்றுதான் வருத்தம். கறுப்பு வெள்ளைப் படம் ஏதாவது இருக்கிறதா என்று அண்ணாச்சியைக் கேட்டேன். “அதெல்லாம் வெள்ளி எடுக்குறவன் கிலோக் கணக்குல வாங்கிட்டுப் போயிட்டான் தம்பி. கலர்ல வெள்ளி நிக்காது, அதனாலதான் இது தப்பிச்சு” என்றார். கலர் ஃபிலிமைக் கழுவும்போது வெள்ளி கரைந்து போய்விடும். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளிதான். நாற்பது வருஷத்து ஊர்முகங்கள் அப்படி உருகிப் போயிருக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு நெகட்டிவ் கவர் கிடக்கலாம். பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். ஈரம் படாத டப்பாவில் போட்டு, ஒரு தடவை ஸ்கேன் செய்துவிடுங்கள்.