லிக்கியுடன் ஒரு செம்மண் சவாரி

மேல்நாடுகளில் இலையுதிர் காலம் வந்துவிட்டால் ஜனங்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. மரங்கள் எல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக மாறிப் போகும். உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு காட்டுப் பாதையில் கிளம்பி விடுவார்கள். கூடவே வீட்டு நாயும் கிளம்பி விடும். "நமக்கு ஏதம்மா இலையுதிர் காலம்? வெயில், அதிக வெயில், அதற்கும் மேலே புழுக்கம். இந்த மூன்றுதானே நமக்கு!" என்று நீங்கள் பெருமூச்சு விடுவது என் காதில் விழுகிறது.

அப்படிச் சொல்லிவிடாதீர்கள். நம் முன்னோர்கள் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்து, ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த இரண்டு மாதத்துக்குக் 'கூதிர்' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கூதிரை அனுபவிக்க வேண்டுமானால் ஊட்டிக்கும் போக வேண்டாம், கொடைக்கானலுக்கும் போக வேண்டாம். நெய்வேலிக்குப் போங்கள். ஒரு சைக்கிள் வேண்டும். முடிந்தால் ஒரு சின்ன நாயும் வேண்டும்.

"நெய்வேலியா? அங்கே கரியும் புகையும்தானே!" என்று முகத்தைச் சுளிக்கிறீர்களா? நானும் ஒரு காலத்தில் சுளித்தவள்தான். என் சித்தப்பா அங்கே சுரங்கத்தில் வேலை. சின்ன வயதில் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் ஊர் முழுவதும் கறுப்பாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போவேன். இறங்கிப் பார்த்தால் எங்கே திரும்பினாலும் பச்சை! நேர்கோடு பிடித்தாற்போல் சாலைகள். இரண்டு பக்கமும் நிழல் மரங்கள். தோட்டத்தோடு கூடிய வீடுகள். வீட்டுக்கு வீடு பலா மரம். தெருவைச் சொல்வதற்கு முன்னால், "எந்த வட்டம்?" என்று கேட்பார்கள். ஒன்று, இரண்டு என்று எண் போட்டு வட்டம் வட்டமாகப் பிரித்த ஊர் அது.

கிணறு தோண்டக் கரி கிடைத்த கதை

ஊர் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் தண்ணீருக்காகக் குழாய்க் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வெளியே வந்தது. அதுதான் லிக்னைட் என்னும் பழுப்பு நிலக்கரி. 1956-ம் ஆண்டு நெய்வேலி லிக்னைட் கார்ப்பொரேஷன் ஏற்பட்டது. 1957 மே 20-ந் தேதி பண்டித நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். ஆனால் கரி உடனே கைக்கு வந்துவிடவில்லை. 1961 ஆகஸ்டில்தான் அதன் முகமே தெரிந்தது. மறு வருஷம் மின்சாரமும் பிறந்தது. அந்தப் பழைய முதல் அனல் மின் நிலையம், சோவியத் உதவியுடன் கட்டியது, 2020-ல் ஓய்வு பெற்றுவிட்டது. கம்பெனியின் பெயரும் 2016-ல் என்.எல்.சி. இந்தியா என்று மாறிவிட்டது.

நாம் தோசைக்கு அரைக்கிற மின்சாரத்துக்குப் பின்னால் எத்தனை பாடு தெரியுமா? ஒரு டன் கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அள்ளிக் கொட்ட வேண்டும். போதாததற்குக் கரிப் படுகைக்கு அடியில் ஊற்று நீர், எப்போது மேலே பாயலாம் என்று முட்டிக்கொண்டு நிற்கிறது. இரவு பகலாகப் பம்பு வைத்து அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தில் ஆள் நிற்க முடியும். அள்ளிய மண்ணெல்லாம் மலைபோல் குவிந்து, அவற்றின் மேல் மரம் நட்டு, இப்போது தூரத்திலிருந்து பார்த்தால் அசல் குன்றுகள் போலவே தோன்றுகின்றன.

லிக்கியின் பிரவேசம்

போன ஐப்பசியில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தப்பாவுக்கு வயது ஐம்பத்தொன்பது. இன்னும் சில மாதத்தில் ஓய்வு. அவருடைய பெண் பெங்களூரில் வேலைக்குப் போகும்போது ஒரு நாய்க்குட்டியை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். ஆறு கிலோ எடை, பழுப்பு நிறம், சுருட்டிய வால், எந்த ஜாதி என்று அதற்கே தெரியாது. நிறத்தைப் பார்த்து 'லிக்னைட்' என்று பெயர் வைத்தார்களாம். கூப்பிடச் சௌகரியமாக இல்லையென்று சித்தி அதை 'லிக்கி' ஆக்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்குச் சித்தப்பா சைக்கிளை வெளியே தள்ளினார். முன்னால் ஒரு பிரம்புக் கூடை. அதில் சித்தி தைத்த பழைய புடவை மெத்தை. லிக்கி மகாராஜா போல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"அம்மாடி, நீயும் வர்றியா? தோப்புப் பக்கம் போயிட்டு வரலாம்" என்றார் சித்தப்பா.

"வயசு முப்பதைத் தாண்டியாச்சு, இப்போ போய் இவளுக்குச் சைக்கிளா? விழுந்து வைக்கப் போறா!" என்றாள் சித்தி. சொன்னவளே மகளின் சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து வைத்திருந்தாள்.

நாயைக் கூடையில் வைத்துச் சைக்கிள் விடுவது லேசான காரியம் அல்ல. சித்தப்பாவின் பாடத்தை உங்களுக்கும் சொல்லி விடுகிறேன். முதல் நாலைந்து நாள் சைக்கிளை நிறுத்தி வைத்தே பழக்க வேண்டும். பிறகு தள்ளிக்கொண்டு போக வேண்டும். அப்புறம்தான் சவாரி. கழுத்துப் பட்டையில் கயிறு கட்டிக் கூடையோடு பிணைக்கவே கூடாது. நாய் எகிறிக் குதித்தால் கழுத்து இறுகிப் போகும். மார்பைச் சுற்றி வரும் வார்தான் சரி. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கை நீட்டி மூச்சு வாங்கித்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். ஆகையால் வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும். ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு கொட்டாங்கச்சியும் கூடவே இருக்கட்டும். மழைக் குட்டையில் வாய் வைக்க விடாதீர்கள். எலிக் காய்ச்சல் நாய்க்கும் வரும். வீட்டுக்கு வந்ததும் விரலிடுக்கில் நெருஞ்சி முள்ளும், காதோரத்தில் உண்ணியும் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

சிவப்புக் கம்பளம்

சுரங்கத்துக்குள்ளே அனுமதி இல்லாமல் யாரும் போக முடியாது. எங்கள் வழி எதிர்த் திசையில், பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளை நோக்கி. தார்ச்சாலை முடிந்து செம்மண் வண்டிப்பாதை ஆரம்பித்தது. முதல் நாள் இரவு மழை பெய்திருந்தது. மண் குங்குமக் குழம்பு மாதிரி இருந்தது. மழைத் தண்ணீர் அறுத்துக்கொண்டு ஓடிய இடத்தில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். அங்கெல்லாம் இறங்கிச் சைக்கிளைத் தூக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஓர் இடத்தில், சித்தியின் வாக்குப் பொய்க்கக் கூடாதே என்று, நான் விழுந்தும் வைத்தேன்.

விழுந்த இடத்தில்தான் அந்த அதிசயத்தைப் பார்த்தேன். மண்ணில் சிவப்பு வெல்வெட்டுத் துண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. தம்பலப் பூச்சிகள்! சிறு வயதில் தீப்பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டு மகிழ்ந்திருப்போமே, அவைதாம். மழைக்குப் பிறகு சில நாள்தான் வெளியே தலை காட்டும்.

தலை நிமிர்ந்தால் முந்திரி மரங்கள். மழை கண்ட மரம் புதுத் தளிர் விட்டிருந்தது. அந்தத் தளிரின் நிறம் என்ன தெரியுமா? செம்பு நிறம்! மேல்நாட்டில் இலை உதிரப் போகும்போது சிவக்கிறது. நம் ஊர் முந்திரியில் இலை பிறக்கும்போது சிவப்பாய் இருக்கிறது. பிறகுதான் பச்சையாகிறது. இதைக் காணவா மேல்நாட்டுக்கு விமானம் ஏற வேண்டும்?

"இதெல்லாம் 2011 டிசம்பர்லே வந்த தானே புயலுக்கு அப்புறம் வெச்ச மரம், அம்மாடி. அன்னிக்கு ராத்திரி பெரிய மரமெல்லாம் வேரோட சாஞ்சு போச்சு. முந்திரியும் பலாவும் போனதிலே எத்தனை குடும்பம் தலையிலே கை வெச்சுண்டு உட்கார்ந்தது தெரியுமா?" என்றார் சித்தப்பா.

வானத்தில் ஒரு வீடு

அப்போதுதான் விபத்து நேர்ந்தது. பாதையின் குறுக்கே ஒரு கீரிப்பிள்ளை ஓடியது. முள்ளைப் பிடுங்குவதற்காகச் சித்தப்பா லிக்கியின் வாரை அப்போதுதான் கழற்றியிருந்தார். ஒரே பாய்ச்சல்! கீரியும் இல்லை, லிக்கியும் இல்லை.

அரை மணி நேரம் தேடினோம். "லிக்கி! லிக்கி!" என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. சித்தப்பாவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. கடைசியில் மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு பாட்டியம்மாள் வந்தாள். எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது. பின்னால் நாலு ஆடு. இடுப்பில் குழந்தையைப் போல் லிக்கி!

"உங்க நாயா? ஆட்டுக்குட்டிகூட விளையாடிக்கிட்டு நிக்குது" என்றாள்.

தண்ணீர் கொடுத்தோம், பேச்சுக் கொடுத்தோம். அவள் பிறந்த ஊர் எது என்று கேட்டேன். தெற்கே கையைக் காட்டினாள்.

"அந்தப் பள்ளம் இருக்கிற இடத்திலேதாம்மா எங்க ஊரு. நான் சின்னப் பொண்ணா இருக்கச்சே காலி பண்ணச் சொன்னாங்க. இப்போ எங்க வீடு இருந்த இடத்தைப் பார்க்கணும்னா தலையைத் தூக்கி வானத்தைத்தான் பார்க்கணும். நின்ன மண்ணே இல்லையே!"

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு லிக்கியின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "நாங்க மாறி வந்துட்டோம். எங்க நாய்தான் வரல்லே. கொண்டாந்து கட்டினாலும் அறுத்துக்கிட்டு அந்த வீட்டுக்கே ஓடிடும். சுவர் இடிச்ச பிறகும் அங்கேயே போய்ப் படுத்துக்கிட்டிருந்துச்சு. அப்பாரு தினம் சோறு கொண்டுபோய் வெச்சுட்டு வருவாரு."

முப்பத்தைந்து வருஷமாக மண் அள்ளும் இயந்திரங்களோடு வாழ்ந்தவர் சித்தப்பா. அவர் ஒன்றும் பேசவில்லை. பாட்டியின் கையில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, குனிந்து லிக்கியின் வாரை மாட்டினார்.

வாசகர்களே, இந்தக் கதை பழைய கதையாகவே முடிந்துவிடவில்லை. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்திலே வளையமாதேவி என்ற ஊரில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கின. முன்பே கையகப்படுத்திய நிலம் என்றது நிர்வாகம். அறுவடை வரையில் பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள் உழவர்கள். மின்சாரம் நமக்கெல்லாம் வேண்டும், மறுக்க முடியாது. ஆனால் விசிறியின் கீழே உட்காரும்போது அந்தக் கேள்வியும் நம் காதில் விழ வேண்டும் அல்லவா?

இரண்டு நெருப்பு

திரும்பும் வழியில் சித்தப்பா சொன்னார்: "அம்மாடி, இங்கே ரெண்டு நெருப்பு எரியறது. ஒண்ணு எங்க பாய்லர்லே. இன்னொண்ணு வடலூர்லே."

வடலூர் பக்கத்து ஊர்தான். வள்ளலார் 1867-ல் அங்கே தரும சாலையில் மூட்டிய அடுப்பு, இன்றைக்கும் அணையாமல் பசித்தவர்களுக்குச் சோறு ஆக்கிக்கொண்டிருக்கிறது. பயிரின் துயரத்தையும் தம் துயரமாக எண்ணிய மகான் அவர். மறுநாள் சித்தியையும் அழைத்துக்கொண்டு அங்கே போய், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சத்திய ஞான சபையையும் தரிசித்து வந்தோம். உங்களுக்கு இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் தெற்கே வீராணம் ஏரிக்கரைக்கும் போகலாம். ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரை மேல் வந்தானே, 'பொன்னியின் செல்வன்' தொடங்குகிற அதே ஏரிதான். ஐப்பசி மழைக் காலத்தில் அந்தக் கரையில் காற்று வாங்குவது தனிச் சுகம்.

அன்று இரவு சாப்பாட்டின்போது வீட்டு விஷயம் வந்தது. நெய்வேலியில் குடியிருக்கும் உத்தியோகஸ்தர் யாருக்கும் அந்த வீடு சொந்தம் அல்ல. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். தாம் வைத்த பலா மரத்தைக்கூடத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். சித்தப்பாவின் மகள் சென்னையில் எட்டாவது மாடியில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். அங்கே நாய் என்றால் அண்டை வீட்டார் முகம் சுளிப்பார்களாம். லிக்கியை யாரிடமாவது கொடுத்துவிட்டு வரும்படி எழுதியிருந்தாள்.

சித்தப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே பாட்டியம்மாளின் கதையைச் சொன்னார். சித்தி மோர் ஊற்றுவதை நிறுத்தி, முழுவதையும் கேட்டாள்.

"வடலூர்ப் பக்கம் வாடகைக்கு வீடு கிடைக்காதா என்ன?" என்றாள் கடைசியில்.

"மெட்ராஸ் என்ன ஆச்சு?" என்றார் சித்தப்பா.

"எனக்கு லிப்ட் ஒத்துக்காது" என்றாள் சித்தி. வாழ்நாளில் அவளுக்கு லிப்ட் ஒத்துக்கொள்ளாமல் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை!

லிக்கி மேஜைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் காலில் ஒட்டியிருந்த செம்மண், சித்தி கழுவித் துடைத்த தரையில் பூப் பூவாகப் பதிந்திருந்தது. சித்தி அதைப் பார்த்தாள். என்றைக்கும் இல்லாத அதிசயமாக, அன்றைக்கு அவள் துடைப்பத்தைத் தேடவில்லை.