அக்கரையில் நிற்கும் கல்

காவிரிப் பாசனத்தில் வளர்ந்தவனாகையால், இராமநாதபுரம் சீமையைத் தண்ணீரில்லாக் காடு என்று தாழ்வாகப் பேசும் வழக்கம் எனக்கும் இருந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை நிலமே பிடித்து நிறுத்திக்கொள்ள, இங்கோ கண்மாய் வறண்ட வருஷங்கள் வாலிபர்களைப் பட்டாளத்துக்கு அனுப்பி வந்தன என்பதை, மண்டபம் ஊரில், ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரின் இல்லத்தில் மத்தியானம் மீன் குழம்பும் சோறும் உண்டபோதுதான் உணர்ந்தேன்.

முன்னாள் படைவீரர் சங்கத்தின் உள்ளூர்க் கிளையைப் பற்றிக் கேட்டேன். பென்ஷன் மனுக்கள், விதவைகளின் விண்ணப்பங்கள், 1949 முதல் டிசம்பர் 7-இல் தேசமெங்கும் அனுசரிக்கப்படும் கொடி நாள் என்று சாவதானமாகச் சொல்லி வந்தவர், திருவாடானைப் பக்கத்துக் கடுக்கலூரில் பிறந்து 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் உயிர்நீத்து, மரணத்துக்குப் பின் வீர் சக்கரம் பெற்ற ஹவில்தார் பழனியின் பெயரை எடுத்ததும் குரல் தழுதழுத்தார்.

"அவருக்கு ஜில்லாவே அழுதுச்சு, தம்பி. எங்க ஆளுகளுக்கு யாரு அழுதா?"

1987 ஜூலை இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை ஒட்டி இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதிப்படையில் அவரும் ஒருவர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அங்கே பறிகொடுத்து, 1990 மார்ச்சில் படை சென்னைக்குத் திரும்பியபோது, முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. மடிந்தவர்களுக்கான நினைவுச்சின்னமோ கொழும்புக்கு அருகில், அந்நிய மண்ணில், 2008-இல்தான் எழுந்தது. தம் கிளையின் வாசலிலும் ஒரு கல் நட வேண்டுமென்பது அவருடைய நெடுநாள் விண்ணப்பம்.

இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்து, திண்ணையில் அமர்ந்திருந்த அவருடைய சிநேகிதர் சட்டென்று எழுந்தார்.

"அந்தச் சண்டையிலதான் அண்ணை என்ர தம்பி செத்தவன். அதுக்குக் கல்லோ?"

"உத்தரவுக்குப் போனவங்கப்பா நாங்க. உன் தம்பி பேரையும் அதுலயே வெட்டுவோம்."

"வேண்டாம். அவன்ர பேர் அதில வேண்டாம்."

சமாதானமாகப் போய்விடும் என்று எதிர்பார்த்த எனக்கு அம்மறுப்பு அதிர்ச்சியாக இருந்தது. யோசிக்க யோசிக்க அதுவே நியாயமாகவும் பட்டது. இரண்டு துக்கங்களை ஒரே கல்லில் எழுதிக் கணக்குத் தீர்த்துவிட முடியாது. யுத்தத்தின் தர்மாதர்மத்தைச் சரித்திரம் விசாரிக்கட்டும். அதன் தீர்ப்பு வரும்வரை பிரேதங்களை அநாதையாக வைத்திருக்க எந்த ஊருக்கும் உரிமையில்லை. பழனிக்கு அழுத இந்தக் கரை, ஏவிய இடத்துக்குச் சென்று மாண்ட சிப்பாய்க்கு ஒரு கல்லும், யாதொரு குற்றமும் அறியாமல் மாண்ட அந்தத் தம்பிக்கு வேறொரு கல்லும் கடன்பட்டிருக்கிறது.