தோர்க் கள்ளி

2019-ஆம் ஆண்டுக் கோடையில் மாற்றலாகி ஜோத்பூர் வந்து சேர்ந்தோம். குடியிருப்புக்குப் பின்னால் வெறும் பாறை. பாறையெங்கும் கள்ளிப் புதர். “கள்ளி முகத்தில் விழித்தா குடித்தனம் நடத்துவது?” என்று உடன் வந்திருந்த அம்மா கலங்கினார். ஊரிலிருந்து கொணர்ந்த மல்லிகைப் பதியன் இரண்டே வாரத்தில் கருகிற்று. கள்ளியோ ஓர் இலையுமின்றிப் பசுமையாக நின்றது.

இவ்வூரார் அதனைத் தோர் என்பர். ஆண்டுக்குச் சுமார் 36 சென்டிமீட்டர் மழையே காணும் மண்ணில் அது வாழும் விதம் வியப்புக்குரியது. மழைக்காலத்தில் இலை துளிர்க்கும். ஈரம் வற்றியதும் உதிர்த்துவிடும். பின்னர் நீரைத் தேக்கிய பச்சைத் தண்டே இலையின் தொழிலையும் செய்யும். மாசி மாதத்தில் அம்மொட்டைத் தண்டுகளின் நுனியில் செந்நிறப் பூக்கள் நெருங்கி மலரும்.

மறு ஆண்டு அப்பூவுக்கு ஆசைப்பட்டு எங்கள் ஐந்து வயது மகள் கிளையை ஒடித்தாள். பால் கண்ணில் தெறித்தது. கள்ளிப்பால் கண்ணைக் கெடுக்கும் என்று அறிந்திருந்தும் செய்வதறியாது திகைத்தோம். அன்று குழாயில் நீரும் இல்லை. அடுத்த வீட்டு மார்வாடி மூதாட்டியார் தம் குடிநீர்க் குடங்களைத் தூக்கி வந்து, அவை காலியாகும்வரை குழந்தையின் கண்ணைக் கழுவினார். மருத்துவமனைக்கும் துணை வந்தார். மூன்றாம் நாள் பார்வை தெளிந்தது.

கள்ளியை வெட்டியெறியப் புறப்பட்டோம். “வேண்டாம், பேட்டா” என்று அவர் தடுத்து, கோலால் புதரை விலக்கிக் காட்டினார். ஆடு வாய்வைக்க இயலாத முட்காவலுக்குள் வேறொரு செடி தளிர்விட்டிருந்தது.

பின்னர் மெஹரான்கர் கோட்டையை அடுத்துள்ள ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்காவைக் கண்டோம். நம் நாட்டுப்புறத்தை அடைத்துக்கொண்ட வேலிகாத்தான் அங்கும் பாறைகளை ஆண்டிருந்தது. 2006 முதல் அதனை வேரோடு களைந்து, தோர் முதலிய மண்ணின் செடிகளை வளர்த்து, 2011-இல் பொதுமக்களுக்குத் திறந்துள்ளனர். வேலிகாத்தான் வந்தேறிய இடத்தில் பிறவற்றை வாழவிடாது. தோரோ தன்னை அண்டியதைக் காக்கும்.

பிழைக்க வந்த நாம் இவ்விரண்டில் எதனைப் போல் இருப்பது என்பதே கேள்வி. குழாயில் நீர் வரும் நாளில் முதற்குடம் இப்போது மூதாட்டியார் வீட்டுக்கே போகிறது. மாசியில் முதற்பூ கண்டதும் அம்மாவே எங்களை அழைக்கிறார். எட்ட நின்று பார்க்கிறோம்.